போர் விளையாட்டும் போரை வாழ்ந்தவர்களும்: திரை நம்மை உள்ளே இழுப்பது எப்படி?

கிளிநொச்சியிலோ மானிப்பாயிலோ மட்டக்களப்பின் ஏதாவதொரு கிராமத்திலோ, மாலை நேரத்தில் ஒரு மதிலோரம் நான்கைந்து பெடியங்கள் போனுக்குள் தலையைக் குனிந்தபடி இருந்தால் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்கத் தேவையில்லை. ஃபிரீ ஃபயர், இல்லாவிட்டால் பப்ஜி. "எனிமி வாறான், கவர் எடு", "என்னை ரிவைவ் பண்ணு மச்சான்" என்ற குரல்கள் ஒழுங்கை வரைக்கும் கேட்கும். வீட்டுக்குள் இருக்கும் அம்மாவோ அம்மம்மாவோ அந்தச் சூட்டுச் சத்தத்தில் முகம் சுளிப்பார். 'நாங்கள் இதிலயிருந்து தப்பி ஓடி வந்தனாங்கள், இவன் ஏன் இதுக்குள்ள போய் விழுந்து கிடக்கிறான்?' என்ற கேள்வியைப் பல வீடுகளில் வெவ்வேறு சொற்களில் கேட்டிருக்கிறேன்.

இதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "அடிக்ட் ஆகிவிட்டான்" என்பது. அந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நோய்கள் வகைப்பாட்டின் 11ஆவது பதிப்பில் 'கேமிங் கோளாறு' இருக்கிறது. விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் விட அதற்கே முதலிடம் கொடுப்பது, கெடுதல் வந்த பிறகும் தொடர்வது ஆகிய மூன்றும் சேர்ந்து, படிப்பையும் குடும்பத்தையும் வேலையையும் பாதிக்கும் அளவுக்கு, வழக்கமாகக் குறைந்தது 12 மாதங்கள் நீடித்தால்தான் அதைக் கோளாறு என்கிறார்கள். மதிலோரம் இருக்கும் பெடியங்களில் பெரும்பாலானோர் அந்த எல்லைக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்கு நடப்பது மூழ்குதல். அது எப்படி நடக்கிறது என்று விளங்கினால், எதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும், எதைப் பற்றித் தேவையில்லை என்பதும் தெளிவாகும்.

கூத்துக்கும் கேமுக்கும் உள்ள வித்தியாசம்

காத்தவராயன் கூத்து பார்த்தவர்களுக்கு மூழ்குதல் என்றால் என்னவென்று தெரியும். விடிய விடிய மண்ணில் பாய் போட்டு இருந்து பார்ப்போம். காத்தவராயன் கழுமரம் ஏறும்போது கண் கலங்கும். முடிவு நமக்கு முதலே தெரியும், ஆனாலும் கலங்கும். ஆனால் அந்தக் கழுமரத்தை நம்மால் தடுக்க முடியாது. நாம் எழும்பி வீட்டுக்குப் போனாலும் கூத்து நடக்கும்.

கேமில் அப்படியில்லை. விளையாடுபவர் கையை எடுத்தால் கதை நின்றுவிடும். திரையில் நடப்பது ஒவ்வொன்றும் அவரது விரல் சொன்னதால் நடப்பது. சினிமாவில் கதாநாயகன் குழிக்குள் விழுந்தால் "ஐயோ, விழுந்திட்டான்" என்போம். கேமில் "நான் விழுந்திட்டன்" என்போம். 'அவன்' 'நான்' ஆகும் இடத்தில்தான் மூழ்குதல் தொடங்குகிறது.

எமிலி பிரவுன், போல் கெயார்ன்ஸ் என்ற இருவர் 2004இல் லண்டனில் கேம் விளையாடுபவர்களை நேர்கண்டு, இந்த மூழ்குதலை மூன்று படிகளாகப் பிரித்தார்கள். முதலாவது ஈடுபாடு. நேரம், கவனம், எந்தப் பட்டனை எப்போது அழுத்துவது என்று பழகும் பொறுமை ஆகியவற்றைக் கொடுத்தால்தான் இந்தப் படி ஏறலாம். இரண்டாவது, ஆழ்ந்துபோதல். இங்கே கையில் இருக்கும் கருவி மறந்துபோகிறது. சைக்கிள் ஓடப் பழகியவர் பெடலைப் பற்றி யோசிக்காதது போல. உணர்ச்சியும் விளையாட்டோடு கட்டுப்பட்டுவிடும், நிறுத்தினால் வெறுமையாக இருக்கும். மூன்றாவது, முழு மூழ்கல். சுற்றியுள்ள உலகமே இல்லாமல் போகிற நிலை. இது அரிதாகத்தான் வரும், வந்தாலும் சில கணங்கள்தான் நிற்கும் என்று அந்த விளையாட்டாளர்களே சொன்னார்கள்.

இதில் படத்தின் துல்லியத்துக்குப் பெரிய இடம் இல்லை. 1984இல் சோவியத் ஒன்றியத்தில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸில் மனிதரே இல்லை, மேலிருந்து விழும் கட்டைகள் மட்டும்தான். ஆனாலும் உலகம் முழுவதும் மணித்தியாலக் கணக்கில் அதில் இருந்தார்கள். அதற்கான காரணத்தை 'ஃப்ளோ' என்ற கருத்தால் விளக்கியவர் உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய். ஒரு வேலையின் சவாலும் நமது திறமையும் சரிசமமாக இருந்தால் மனம் அதற்குள் போய்விடும். சவால் கூடினால் பதற்றம் வரும், குறைந்தால் சலிப்பு வரும். நல்ல கேம் இந்த இரண்டுக்கும் நடுவில், நூல் பிடித்ததுபோல் நம்மைக் கொண்டுபோகும்.

சிக்சென்ட்மிஹாய் இரண்டாம் உலகப் போரின் பிள்ளை. சிறுவனாகத் தடுத்து வைக்கப்பட்டிருந்த காலத்தில் சதுரங்கம் தன்னை வேறொரு உலகத்துக்குக் கொண்டுபோனதாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். முகாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்து 304 விளையாடியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெளியே எதுவும் நம் கையில் இல்லாதபோது, கையில் இருக்கும் சீட்டுகளாவது நம் கட்டுப்பாட்டில் இருந்தன.

யாருடைய கண்ணால் பார்க்கிறோம்?

மூழ்குதல் தன்னளவில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. ஆனால் மூழ்கும்போது யாரோ ஒருவருடைய கண்ணை நாம் இரவல் வாங்குகிறோம். அது யாருடைய கண் என்பதில்தான் அரசியல் இருக்கிறது.

அமெரிக்க இராணுவம் 2002 ஜூலை 4ஆம் திகதி 'அமெரிக்காஸ் ஆர்மி' என்ற கேமை இலவசமாக வெளியிட்டது. இளைஞர்களைப் படைக்குச் சேர்ப்பதுதான் அதன் நோக்கம். 2022இல் மூடப்படும்வரை 20 வருடம் அது ஓடியது. அதில் இரண்டு அணிகள் ஒன்றையொன்று சுடும். ஆனால் எந்த அணியில் இருப்பவரும் தன் திரையில் தன்னை அமெரிக்கச் சிப்பாயாகத்தான் பார்ப்பார். எதிரணிதான் அவருக்கு எதிரி உருவத்தில் தெரியும். அந்த எதிரணிக்காரரும் தன்னை அமெரிக்கச் சிப்பாயாகவே பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே அந்தக் கேமில் ஒருவர்கூடத் தன்னை எதிரியாகப் பார்க்க முடியாது. போர்ப் பிரசாரம் எப்படி வேலை செய்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதலாம். இந்தக் கேம் அதை ஒரு தொழில்நுட்ப ஏற்பாடாகவே செய்து வைத்திருந்தது.

2007இல் வந்த 'கோல் ஒஃப் டியூட்டி 4' கேமில் ஒரு கட்டம் இருக்கிறது. விளையாடுபவர் வானத்தில் பறக்கும் தாக்குதல் விமானத்துக்குள் இருப்பார். கீழே மனிதர்கள் வெப்பக் கமராவில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகளாக ஓடுவார்கள். காதில் கேட்பது விமானக் குழுவினரின் அமைதியான குரல் மட்டும்தான். அந்த வெள்ளைப் புள்ளியாகத் தரையில் ஓடியவர்களுக்கு அந்தக் காட்சி எப்படி இருக்கும் என்பதை அதை உருவாக்கியவர்கள் எந்தளவுக்கு யோசித்தார்களோ தெரியாது.

ஆனால் ஐந்து வருடம் கழித்து, பெர்லினில் இயங்கும் யாகர் என்ற நிறுவனம் அதே காட்சியைத் திருப்பிப் போட்டது. 2012இல் வந்த 'ஸ்பெக் ஒப்ஸ்: த லைன்' கேமில் விளையாடுபவர் வெள்ளை பொஸ்பரஸ் குண்டுகளை ஏவுவார். (அந்தப் பெயருக்கு நம்மில் பலருக்கு விளக்கம் தேவையில்லை.) முதலில் அதே வெள்ளைப் புள்ளிகள், அதே தூரம். ஏவி முடிந்ததும் கேம் அவரைக் கீழே இறக்கி, புகைக்குள்ளால் நடக்க வைக்கும். முடிவில் அவர் காண்பது 47 பொதுமக்களின் உடல்கள். சுடாமல் போக வழி இல்லாதபடி செய்துவிட்டுக் குற்றத்தை விளையாடுபவர்மேல் போடுவது நியாயமா என்று பெரிய விவாதம் நடந்தது. ஆனால் புள்ளியாகத் தெரிந்தது மனிதர்தான் என்பதை விளையாடுபவரின் கையாலேயே காட்டியது அந்தக் கேம். ஒரு திரைப்படம் இதைக் காட்டலாம், ஆனால் 'செய்தது நீ' என்று பார்ப்பவரிடம் சொல்ல முடியாது.

நம் பெடியங்கள் விளையாடும் பப்ஜியில் இரத்தத்தையும் துவக்கையும் விட என்னை உறுத்துவது வேறொன்று. 100 பேர் விமானத்திலிருந்து குதித்து ஒரு தீவில் இறங்குவார்கள். இறங்கியதும் முதல் வேலை, அங்கிருக்கும் வீடுகளுக்குள் புகுந்து பொருள் எடுப்பது. வீடுகள் எல்லாம் வெறுமையாக இருக்கும். கட்டில் இருக்கும், மேசை இருக்கும், ஆட்கள் இல்லை. அவர்களுக்கு என்ன நடந்தது என்று விளையாட்டில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் அடுத்தவன் வந்து சுட்டுவிடுவான். இடம்பெயர்ந்து போய், திரும்பி வந்தபோது கதவும் யன்னலும் ஓடும் இல்லாத வீட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த வெறும் வீடு சும்மா ஒரு பின்னணிக் காட்சி இல்லை.

பங்கருக்குள் இருப்பவர்களின் விளையாட்டு

இரவல் கண் ஒரு சிப்பாயுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதை நிரூபித்த கேம், போலந்தின் வார்சோவில் உள்ள 11 பிட் ஸ்டூடியோஸ் 2014 நவம்பரில் வெளியிட்ட 'திஸ் வோர் ஒஃப் மைன்'. 'இது என்னுடைய போர்' என்று சொல்லலாம். 1992 முதல் 1996 வரை 1,425 நாட்கள் நீடித்த சரயேவோ முற்றுகையில் மக்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதிலிருந்து அது உருவானது.

கேமில் வரும் நகரம் கற்பனையானது. ஒரு இடிந்த வீட்டுக்குள் மூன்று பேர் ஒதுங்கியிருக்கிறார்கள். பாவ்லே உதைபந்தாட்டக்காரர், புரூனோ சமையல்காரர், காத்யா செய்தியாளர். மூவரில் ஒருவரும் சிப்பாய் இல்லை. பகலில் குறிபார்த்துச் சுடுபவர்கள் இருப்பதால் வெளியே போக முடியாது. மழைத் தண்ணீர் சேர்க்கவும் அடுப்பு மூட்டவும் எலிப்பொறி வைக்கவும் குளிருக்கு எரிக்க விறகு தேடவும் பகல் போய்விடும். இரவில் ஒருவர் மட்டும் சாப்பாடும் மருந்தும் தேடிப் போவார். மற்றவர்களில் யார் காவல் இருப்பது, யார் நித்திரை கொள்வது என்று முடிவெடுக்க வேண்டும். முற்றுகை எத்தனை நாளில் முடியும் என்று விளையாடுபவருக்குச் சொல்லப்படாது. விரும்பிய இடத்தில் சேமித்து வைத்துவிட்டு, பிழைத்தால் அந்த இடத்துக்குத் திரும்பிப் போகும் வசதியும் இல்லை. செத்தவர் செத்தவர்தான்.

அதில் ஒரு வீட்டில் வயதான கணவனும் மனைவியும் தனியே இருக்கிறார்கள். அவர்களிடம் சாப்பாடு இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. ஆயுதம் இல்லை. எடுத்தால் அந்த முதியவர் தடுக்கமாட்டார், பின்னால் வந்து கெஞ்சுவார். நான் விளையாடியபோது என் வீட்டில் ஒருவர் நோயில் படுத்திருந்தார், மருந்து இல்லை. பாவ்லேயை அந்த வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு நீண்ட நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுக்காமல் திரும்பினேன். அடுத்த நாள் நோயாளியின் நிலை மோசமானது. எடுத்திருந்தால் வேறொன்று நடந்திருக்கும். களவெடுத்தவரும் வீட்டிலிருப்பவர்களும் சோர்ந்து போவார்கள், சாப்பிடாமல், பேசாமல், சொன்ன வேலையைச் செய்யாமல் கிடப்பார்கள். சிலர் உயிரை மாய்த்துக்கொள்ளும் நிலைக்கும் போவார்கள். இதற்கெல்லாம் புள்ளிகள் கூடுவதோ குறைவதோ இல்லை, இது சரி, இது பிழை என்று கேம் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

அந்தக் கேமின் படங்கள் பென்சிலால் கீறியது போன்ற சாம்பல் நிறம்தான். முகங்கள்கூடத் தெளிவாகத் தெரியாது. ஆனாலும் அந்த வாசலில் நான் நின்றது மெய்யாக இருந்தது. முடிவெடுக்க வேண்டியவர் நான் என்பதும், அந்த முடிவை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது என்பதும்தான் காரணம். மனிதரை உள்ளே இழுப்பது பொறுப்பு. படத்தின் துல்லியம் அதற்குப் பிறகுதான்.

2020இல் போலந்து அரசு இந்தக் கேமை உயர்தரப் பாடசாலை மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. நாவல் படிப்பதுபோல் ஒரு கேமை விளையாடிப் பார்த்து வரலாறும் ஒழுக்கவியலும் பேசலாம் என்று ஒரு அரசு ஏற்றுக்கொண்டது அப்போதுதான். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான கேம் என்பதால் அந்த வயது மாணவர்களுக்கு மட்டும் என்றும் வரையறுத்தார்கள்.

வாழ்ந்தவருக்கு அது என்ன செய்யும்?

போரைப் பார்த்திராத ஒருவருக்கு இந்தக் கேம் ஒரு பாடம். நமக்கு அது வேறு. தூரத்தில் ஷெல் விழும் சத்தம் அதில் பின்னணியில் கேட்டுக்கொண்டே இருக்கும். கதைக்கு அது சூழல். உடம்புக்கு அது தகவல். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று மனம் தன்பாட்டில் கணக்குப் போடத் தொடங்கிவிடும். நான் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, சத்தத்தை நிறுத்தித்தான் விளையாடினேன். மூழ்குவதற்கு நாம் கதவைத் திறந்தால், உள்ளே இருப்பதும் அந்தக் கதவால் வெளியே வரும்.

ஆகவே அம்மாமாரின் முகச்சுளிப்பை 'பழைய ஆக்கள், விளங்காது' என்று தள்ளிவிடக் கூடாது. பிள்ளைக்கு அது சத்தம், அம்மாவுக்கு அது நினைவு. இரண்டும் ஒரே போனிலிருந்து வருகின்றன. பெடியன் ஹெட்செட் போடுவது சின்ன விசயம், ஆனால் அந்த வீட்டுக்கு அது பெரிய உதவி.

மூழ்குதல் காயத்தைக் கிளறும் என்பது ஒரு பக்கம். மறுபக்கமும் இருக்கிறது. ஒக்ஸ்போர்டில் எமிலி ஹோம்ஸ் என்ற உளவியலாளரின் குழு 2009 முதல் டெட்ரிஸை வைத்து ஆய்வுகள் செய்தது. அதிர்ச்சியான காட்சி ஒன்று, கேட்காமலே திரும்பத் திரும்பக் கண்முன் வருவது படமாக வருகிறது. டெட்ரிஸும் மனதின் படம் பார்க்கும் பகுதியைத்தான் பிடித்துக்கொள்கிறது. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் இடம் போதாது. 2017இல் வெளியான ஆய்வில், வீதி விபத்துக்குப் பிறகு வைத்தியசாலைக்கு வந்த 71 பேரைச் சேர்த்தார்கள். விபத்தைச் சுருக்கமாக நினைவுபடுத்திவிட்டு, சில மணித்தியாலங்களுக்குள் டெட்ரிஸ் விளையாடியவர்களுக்கு, அடுத்த ஒரு வாரத்தில் அந்தக் காட்சிகள் மற்றவர்களை விட 62 வீதம் குறைவாக வந்தன.

இதை வைத்து, கேம் விளையாடினால் போரின் காயம் ஆறும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது புதிய அதிர்ச்சிக்கு, வைத்தியசாலையில், ஒழுங்குபடுத்திச் செய்யப்பட்டது. வருடக்கணக்கில் நித்திரை இல்லாமலும் கனவில் அலறியும் இருப்பவர்கள் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போக வேண்டும். தேசிய உளநல உதவி இலக்கமான 1926ஐ அழைத்தும் பேசலாம். இந்த ஆய்வு நமக்குச் சொல்வது இதைத்தான்: மூழ்குதல் மனதுக்குள் நடக்கும் மெய்யான வேலை. வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கவும் முடியாது, பேய் என்று பயப்படவும் தேவையில்லை.

விதிகளை எழுதுபவர்

கேமில் கருத்தைச் சொல்வது வசனமும் படமும் மட்டும் இல்லை, விதிகளும்தான். எதைச் செய்யலாம், எதைச் செய்ய முடியாது, எதற்கு எவ்வளவு விலை என்பதே அதன் பேச்சு. 'களவெடுத்தால் மனம் சோரும்' என்பது ஒரு விதி. 'வீடுகள் வெறுமையாக இருக்கும்' என்பதும் ஒரு விதி. அப்படியானால் போரை வாழ்ந்தவர்கள் விதிகளை எழுதினால் என்ன நடக்கும்?

லுவல் மாயென் தென் சூடான் போரிலிருந்து ஓடிய குடும்பத்தில் பிறந்து, வடக்கு உகண்டாவில் ஓர் அகதி முகாமில் வளர்ந்தவர். முகாமில் பதிவு செய்யும் இடத்தில் முதன்முதலில் ஒரு கணினியைக் கண்டார். அவரது தாய் மூன்று வருடம் காசு சேர்த்து, 300 டொலருக்கு ஒரு மடிக்கணினி வாங்கிக் கொடுத்தார். அதற்கு சார்ஜ் ஏற்ற மூன்று மணித்தியாலம் நடக்க வேண்டியிருந்தது. அதில் அவர் செய்த கேமின் பெயர் 'சலாம்', அரபு மொழியில் அமைதி. முகாமில் அது புளூடூத் வழியாகக் கைமாறிப் பரவியது.

சிரியாவின் ஹமா நகரத்தைச் சேர்ந்த அப்துல்லா கரம் 2014இல் நாட்டைவிட்டு வெளியேறினார். தான் தப்பிய பாதையையே ஒஸ்ட்ரிய நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து 2017இல் 'பாத் அவுட்' என்ற கேமாக்கினார். விளையாடுபவர் பிழையான இடத்தில் கால் வைத்துக் கதாபாத்திரம் செத்தால், திரையின் மூலையில் மெய்யான அப்துல்லாவே காணொளியில் வந்து பகிடியாகக் கதைப்பார். விளையாட்டில் செத்தவர் உயிரோடு வந்து நம்மிடம் பேசும்போது, நாம் ஆட்டிக்கொண்டிருந்தது ஒரு பொம்மை இல்லை என்பது உறைக்கும்.

நம்மிடமும் விதிகள் இருக்கின்றன. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள் ஜாம் போத்தலில் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு விளக்குச் செய்தார்கள். பற்றரி இல்லாதபோது சைக்கிளின் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டார்கள். ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் காதைக் கொடுத்தபடி இருப்பார்கள். சுற்றுவது நின்றால் செய்தியும் நின்றுவிடும். எவ்வளவு எண்ணெய்க்கு எவ்வளவு நேர வெளிச்சம், அது படிக்கிற பிள்ளைக்கா, சமைக்கிற அம்மாவுக்கா? பங்கரை எங்கே வெட்டுவது, மழை வந்தால் என்ன செய்வது? அடுத்த இடத்துக்குக் கிளம்பும்போது எதைச் சைக்கிளில் கட்டுவது, எதை விட்டுப் போவது? இவை ஒவ்வொன்றும் ஒரு கேமின் விதி. இவற்றைத் தெரிந்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். கணினி தெரிந்த பிள்ளைகளும் அதே வீடுகளில்தான் இருக்கிறார்கள். நாம் எழுதாவிட்டால், வானத்திலிருந்து வெள்ளைப் புள்ளியைப் பார்த்தவர்கள் அவர்களுடைய விதிகளை எழுதுவார்கள்.

அதற்கு நாளாகும். அதுவரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. போனைப் பறிப்பதற்கு முன் பக்கத்தில் இருந்து ஒரு தடவை பாருங்கள். பிள்ளை வீடு வீடாகப் புகுந்து பொருள் எடுக்கும்போது, "தம்பி, இந்த வீட்டு ஆக்கள் எங்க போயிட்டினம்?" என்று கேளுங்கள். முதலில் சிரிப்பான். பிறகு சில நேரம், நாங்கள் விட்டுவிட்டு வந்த வீட்டைப் பற்றி உங்களிடம் கேட்பான்.